ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிகள்

ஜனவரி 10, சனி

பள்ளிக்கூடக் கூட்டத்தில் இன்று கை தூக்கினேன். அத்தனை பேர் இருந்த ஹாலில் தூக்கியது என் ஒரு கைதான். எனக்கோ அது தேவையே இல்லை.

நடந்தது இது. கடைசி வருஷப் பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதே உதவித்தொகைக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்கென்று பள்ளியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வழி சொல்ல ஒரு டீச்சர் என்று இருந்தது. இந்த வருஷத்திலிருந்து அது கிடையாதாம். அறிவித்தவர் பள்ளிக் கமிட்டித் தலைவர். எங்கள் கடைத்தெருச் சங்கத்துக்கும் அவரேதான் தலைவர் - பெயிண்ட்கடைக்காரர். மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"எங்களால ஃபீஸ் கட்ட முடியாது, உதவி வேணும்ங்கிறவங்க கொஞ்சம் கையத் தூக்குங்க. எத்தனை பேருன்னுதான் பாப்போமே."

யாரும் தூக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வி. என் பக்கத்தில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். போன மாதம் என்னிடம் பழைய பெட்டிக்கே பேரம் பேசியவர். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். முன்வரிசையில் வெள்ளைச்சட்டை. அவர் என் எதிர்க்கடைக்காரர், என்னைப் போலவே அட்டைப்பெட்டி வியாபாரம். சட்டை மடிப்பும் கலையாமல், முகமும் கலையாமல் இருந்தார். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு.

"பாத்தீங்களா? யாருக்கும் தேவை இல்ல. இல்லாத வாடிக்கைக்கு எதுக்கு மேசை?" என்றார் தலைவர்.

அப்போதுதான் தூக்கினேன்.

"உங்களுக்கா?" என்று சிரித்தார். ஹாலும் சேர்ந்து சிரித்தது.

"எனக்கு வேணாம். மேசை வேணும். நீங்க எடுத்துட்டா நான் என் கடை மாடியில போடறேன். ஞாயித்துக்கிழமை பத்து மணி. வரவங்க வரலாம்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இவரும் - என் வீட்டுக்காரர் - கூட நடந்தார். தெருமுனையில் கேட்டார். "உனக்கு அந்த ஃபார்ம் எப்படி இருக்கும்னாவது தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்னதான் தெரியும்?"

"தள்ளுபடின்னா என்னன்னு தெரியும்."

அதுதான் விஷயம். பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். கடைகடையாய் ஏறிக் காலிப் பெட்டி பொறுக்கி வந்து விற்று மேலே வந்தேன். படிக்கவில்லையே என்று ஒரு நாளும் அழுததில்லை, இப்போதும் அழப்போவதில்லை. ஆனால் தருகிறேன் என்று ஒருத்தன் எடுத்து வைத்திருக்கிற தள்ளுபடியைக் கேட்கக் கூசி, முழு விலை கொடுத்துவிட்டு வருகிற ஆளைப் பார்த்தால் எனக்கு உடம்பு எரியும். இதைக் கருணை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மாடியைப் பெருக்கினேன். பெருக்கி முடிப்பதற்குள் பாதி வீரம் இறங்கிவிட்டது. மிச்சத்தை வைத்து மேசையைப் போட்டேன். யாரும் வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

மேசை பறிபோன டீச்சரே வந்துவிட்டார். இப்போது அவருக்கு வெறும் பூகோளம் மட்டும்தானாம். "நான் டீ குடிக்கத்தான் வந்தேன். டீ குடிக்கக் கூடாதுன்னு கமிட்டி இன்னும் தீர்மானம் போடல" என்றார். நிம்மதி. படிவம் பற்றி எனக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் என் மகளுக்குத் தெரியும். ஆட்களைத் தெரிந்திருப்பது மட்டும்தான் என் பங்கு.

வந்தது மூன்று பிள்ளைகள். மூன்றும் பின்சந்து வழியாக வந்தன. முன்பக்கம் கடைத்தெரு, ஞாயிறு எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கும், ஆனால் எல்லா மாடியிலும் ஜன்னல் இருக்கிறது. போகும்போது பின்சந்துக் கதவை அடுத்த வீட்டுக்காரன் பூட்டிவிட்டான். முன்வாசல்தான் வழி. ஒரு பெண் படியிலேயே நின்றுவிட்டாள். "ஆன்ட்டி, எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?"

என் மூளை இதற்கெல்லாம் வேகமாக ஓடும். ஆளுக்கு ஒரு பெட்டியை - மடித்துத் தட்டையாக இருப்பதை - கையில் கொடுத்தேன். "பெட்டி வாங்க வந்தேன்னு சொல்லு." கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றும் ராஜநடை நடந்து போயின.

எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று மாடி கொள்ளவில்லை. பெட்டிக்கட்டுகள் மேலேயே உட்கார்ந்து எழுதுகிறார்கள். சிலர் அப்பா அம்மாவையும் இழுத்து வந்திருந்தார்கள். போகும்போது இன்றும் ஆளுக்கொரு பெட்டி, முன்வாசல் வழியாக.

தையல்காரர் எழுதிய வருமானத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு வருதுன்னா உங்க பையனுக்கு உதவித்தொகை தர மாட்டாங்க சார். நீங்கதான் யாருக்காவது தரணும்."

அவர் நெளிந்தார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: பெரிய பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது அந்தத் தொகையைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போது குறைத்து எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

"அண்ணே, அது சம்பந்திக்குப் போட்ட ரேட். அது அங்கயே இருக்கட்டும். இங்க உள்ளத உள்ளபடி போடுங்க."

"உள்ளபடி போட்டா ரொம்பக் கேவலமா இருக்கும்மா."

"கேவலமா இருந்தாத்தான் இங்க மதிப்பு."

எழுதினார். எழுதிவிட்டு அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார், சொந்த மகனிடமிருந்து. வருமானத்தைக் குறைத்துச் சொல்லி வரியை ஏய்க்கிற ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். ஏற்றிச் சொல்லி உதவியை இழக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். இந்த மாடியில் பாதிப்பேர் அப்படித்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

வெள்ளைச்சட்டையின் மகள் பள்ளி விட்டதும் என் மகளோடு கடைக்கு வந்தாள். பின்பக்கமாக. குச்சி மாதிரி நேராக இருப்பாள்; வகுப்பில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டுமாம். "மாட்டத் தூக்கி நிறுத்தணுமேடி. உன்னை முதல்ல யாரு தூக்கி நிறுத்துறது?" என்றேன்.

"மாடு தானா நிக்கும் ஆன்ட்டி. எனக்குத்தான் கையெழுத்து வேணும்" என்றாள்.

கல்லூரி இடம் தரத் தயார். உதவித்தொகை இல்லாமல் சேரவே முடியாது. அதற்கு அப்பாவின் வருமான அறிக்கை வேண்டும், அவர் கையெழுத்தோடு. கடைசி நாள் பிப்ரவரி 28.

"கடை ரெண்டு வருஷமா நஷ்டம் ஆன்ட்டி. பில் நான்தான் போடறேன், எனக்குத் தெரியும். அப்பா அம்மாகிட்டயே நல்லா ஓடுதுன்னுதான் சொல்றார். கேட்டா, வாய்விட்டு ஒரு தடவை நஷ்டம்னு சொன்னா மில்லுல கடனுக்குச் சரக்கு தர மாட்டான், அப்புறம் கடையே இல்லங்கிறார்."

பொய்யில்லை. நானும் அவள் அப்பாவும் சரக்கு எடுப்பது ஒரே மில்லில். மில்காரன் ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பான். ஒருத்தன் முகம் வாடியிருக்கிறது என்று காதில் விழுந்தால் அடுத்த லோடுக்குப் பணத்தை முதலில் வை என்பான்.

இங்கே பொய் எழுதி என்ன பிரயோசனம். எதிர்க்கடைக்கு லாரி வருவது குறைந்ததை நான் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் ஷட்டர் நிரந்தரமாக இறங்கினால் இந்தத் தெருவில் அட்டை என்றால் நான்தான். அதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டாம். இன்று கேட்டதை லோடு இறக்குகிற ஒருத்தன் காதில் போட்டால் போதும்.

ஸ்கேல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அதைத்தான் யோசித்திருப்பாள். அப்படி யோசித்த பிறகும் வந்திருக்கிறாள் பார்.

"ஞாயித்துக்கிழமை வா. அப்பா பக்கம் மட்டும் காலியா இருக்கட்டும். மத்ததை முடிச்சு வைப்போம்" என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெள்ளைச்சட்டை கடை வாசலில் புது போர்டு: "மாணவர்களுக்குச் சலுகை விலை". எதற்கு? புரியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

புரிந்தது.

சங்கத்தில் கூப்பிட்டு விசாரணை. ஞாயிறு யாரும் கடை திறக்கக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. நான் ஞாயிறு தோறும் ஷட்டரைப் பாதி தூக்கி வியாபாரம் செய்கிறேனாம். புகார் கொடுத்தவர் வெள்ளைச்சட்டை. அவர் குடியிருப்பது கடைக்கு மேலேயே. ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார். "ஃபார்ம் மேசைங்கிறதெல்லாம் சாக்கு. ஸ்கூல் பசங்க வரிசையா வராங்க. ஆளுக்கொரு பெட்டியோட போறாங்க. ஹாஸ்டலுக்குப் போறவங்க மூட்டை கட்டறதுக்கு அடிமாட்டு விலையில விக்கிறாங்க. நான் சலுகைன்னு போர்டு வெச்சும் ஒரு பய வரல."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வரிசையில் சேராமல் பின்சந்து வழியாகவே வந்து போகிற அவர் மகள்.

பெயிண்ட்கடைக்காரருக்கு மாடியில் நடப்பது தெரியாதா என்ன? கூட்டத்தில் சொன்னவளாயிற்றே நான். அவருக்கு வேண்டியது என் வாயால் பெயர்கள். "வியாபாரம் இல்லேன்னா யார் யார் வராங்க, எதுக்கு வராங்கன்னு சொல்லிடுங்க. தண்டம் வேணாம். விட்டுடறோம்."

தையல்காரர் கடைசி பெஞ்சில் இருந்தார். இரண்டு கையும் மறுபடி தொடைக்கு அடியில் போயின.

"வியாபாரம்தான். பெட்டிதான் விக்கிறேன். தண்டம் எவ்வளவு?" என்றேன்.

சொன்னார். எண்ணி வைத்தேன். "ரசீது குடுங்க. நாளன்னிக்கும் ஞாயிறு, அன்னிக்கும் திறப்பேன். அதுக்கும் இப்பவே சேத்து எடுத்துக்குங்க. ஒவ்வொரு வாரமும் உங்களைச் சிரமப்படுத்த வேணாம்."

வெளியே வரும்போது வெள்ளைச்சட்டை சொன்னார்: "இந்தத் திமிரு வியாபாரத்துக்கு ஆகாதுங்க."

"எனக்கு இதுவரைக்கும் ஆகித்தானே இருக்கு."

பிப்ரவரி 8, ஞாயிறு

திறந்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

என் கடைக் கட்டடம் சங்கத்துடையது. கீழே கடைக்குத் தனிக் குத்தகை, மாடிக்குத் தனிக் குத்தகை. மாடிக் குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காரணம் கேட்டேன். "பெயிண்ட் டப்பா வைக்கணுமாம்."

வீட்டில் வந்து கத்தினேன். இந்த ஊரே இப்படித்தான், கேக்கவே வெக்கப்பட்டுக்கிட்டு, இவங்களுக்காக நான் ஒருத்தி எதுக்கு அடிபடணும், ஒருத்தனாவது எழுந்து ஆமா நாங்கதான் வரோம்னு சொன்னானா - இப்படி என்னென்னவோ.

மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எப்படிம்மா சொல்லுவாங்க? சொல்லக் கூடாதுன்னு பெட்டியக் கையில குடுத்து அனுப்புனது நீதானே."

"அது அவங்க நல்லதுக்குடி."

"கூட்டத்துல பெருசா கையத் தூக்குன. அப்புறம் ஞாயித்துக்கிழமையானா எங்க எல்லார் கையிலயும் அட்டையக் குடுத்து மூடி அனுப்பற. அவரு மைக்குல சொன்னதும் அதத்தானே? இது அசிங்கம்னு. நீ அதையே சத்தமில்லாம சொல்ற."

இவர் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று ஆவலாகக் காத்திருந்தார். எழுந்து கை கழுவினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கோபம் இன்னும் போகவில்லை. அவள் சொன்னது தப்பு என்றால் போயிருக்கும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாடியில் கடைசி ஞாயிறு. பின்சந்துக் கதவைத் திறந்தே வைத்தேன். மடித்த பெட்டிகளையும் படி ஓரமாக அடுக்கி வைத்தேன். முன் ஷட்டரை மட்டும், பாதி அல்ல, உச்சி வரை ஏற்றினேன். அந்தச் சத்தத்துக்கே நாலு ஜன்னல் திறந்தது.

வேலை முடிந்ததும் சொன்னேன். "பெட்டி வேணும்ங்கிறவங்க எடுத்துக்கலாம். பின்பக்கம் போறவங்க போலாம். யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் பெட்டியக் குடுத்தது என் புத்தி. அது அவ்வளவு நல்ல புத்தி இல்ல."

தையல்காரர் மகன் ஒரு பெட்டியை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். "அத என்னடா பண்ணப்போற, தைக்கவா போற?" என்றாள் என் மகள். வைத்துவிட்டான்.

முதலில் இறங்கியது ஸ்கேல். பின்பக்கம் போவாள் என்றுதான் நினைத்தேன். முன்வாசலுக்குப் போனாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் மட்டும். உள்ளே இருக்கிற தாள் வெளியே தெரிகிற ஃபைல். தெருவின் நடுவில் நின்று ஒரு தடவை மேலே பார்த்தாள். எதிர் ஜன்னலில் வெள்ளைச்சட்டை.

மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். வெறுங்கையோடு.

அவர் ஜன்னலை மூடவில்லை. திறந்தும் வைக்கவில்லை. கை கதவிலேயே இருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

வெள்ளைச்சட்டை ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் வந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறை. லோடு ஆட்களை டீ குடிக்க அனுப்பினேன்.

"எத்தனை நாளா?"

"ஜனவரியில இருந்து."

"அப்ப நான் சங்கத்துல நின்னு கத்துனப்போ உங்களுக்குத் தெரியும், என் பொண்ணும் இங்கதான் வரான்னு."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லி என்னை அங்கயே சாச்சிருக்கலாம்."

"சாச்சிருக்கலாம்."

"ஏன் சாய்க்கல?"

"அது அவளோட விஷயம். உங்களைச் சாய்க்கணும்னா எனக்கு அட்டை விலையிலயே சாய்க்கத் தெரியும்."

அவர் உட்காரவில்லை. ஸ்டூலைக் காட்டினேன், பார்க்கவும் இல்லை. "நேத்து மில் ஏஜென்ட் போன் பண்ணான். 'என்ன சார், பொண்ணுக்கு உதவித்தொகை கேக்குறீங்களாமே'ன்னான். அடுத்த லோடுக்கு ரொக்கமாம். நீங்க தூக்குன கை என் கழுத்துல வந்து விழுந்திருக்கு."

உண்மை அது.

"கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா ஊர் பேசறது நெசமாயிடும். அவகிட்டயும் சொல்லிட்டேன்" என்று போய்விட்டார். சட்டையின் பின்பக்கம் இஸ்திரி போடாமல் கசங்கியிருந்தது. முன்பக்கம் மட்டும்தான் போடுகிறார் போல.

இன்னும் நாலு நாள். ஸ்கேல் சாயங்காலம் வரவில்லை. நான் கெடுத்தேனா? நான்தான் ஷட்டரை ஏற்றினேன். நடந்து போனது அவள். ஆனாலும் ஏற்றினது நான்.

பிப்ரவரி 25, புதன்

வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்வது என் தொழில் இல்லை. மில் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உதவித்தொகை கேக்கிறவங்களுக்குக் கடன் கிடையாதுன்னு புதுச் சட்டம் போட்டிருக்கீங்களாமே."

"அக்கா, அது எதிர்க்கடை விஷயம். உங்களுக்கு எதுக்கு? உங்களுக்கு நல்லதுதானே?"

"பள்ளிக்கூடத்துல முதல்ல கையத் தூக்குனது நான். ஊருக்கே தெரியும், விசாரிச்சுப் பாரு. உன் சட்டப்படி எனக்கும் கடன் கிடையாது. வெள்ளிக்கிழமை வர லாரிய நிறுத்து. நானும் வேற மில்லுல ரொக்கத்துக்கு எடுத்துக்கறேன்."

"அக்கா, விளையாடாதீங்க."

"உன் கணக்குல என் சரக்கு எவ்வளவுன்னு முதலாளியக் கேளு. கேட்டுட்டு விளையாட்டா இல்லையான்னு சொல்லு."

வைத்துவிட்டேன். வேற மில் எங்கே இருக்கிறது? இருக்கிறது, தூரத்தில், வண்டி வாடகையிலேயே என் லாபம் முழுக்கப் போய்விடும். இவரிடம் சொன்னேன். "லாரி நிஜமாவே நின்னுடுச்சுன்னா?" என்றார்.

"நின்னா நிக்கட்டும்."

"அதெல்லாம் சரி. நின்னா என்ன பண்ணுவ?"

"திரும்பவும் பெட்டி பொறுக்குவேன். தெரிஞ்ச வேலைதானே."

இவர், "சாக்கு நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

லாரி வந்தது. என் கடையில் பாதி இறக்கிவிட்டு நேராக எதிர்க்கடைக்குத் திரும்பியது. ரொக்கம் யாரும் கேட்கவில்லை. டிரைவர் எல்லாக் கதையையும் அங்கே அவிழ்த்துவிட்டிருக்கிறான்.

கடை சாத்தும் முன் வெள்ளைச்சட்டை வந்தார். பின்னால் ஸ்கேல், பிளாஸ்டிக் ஃபைலோடு. இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னோட லோடுக்காக உங்க லோடை நிறுத்தச் சொன்னீங்களாம்."

"உங்களுக்காக இல்ல. அவன் பேசுன பேச்சுக்காக."

"எதுக்கா இருந்தா என்ன." பேனாவை அவரே சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மகளைப் பார்த்து, "உள்ளதப் போட்டியா?" என்றார்.

"உள்ளதத்தான்ப்பா."

"ரெண்டு வருஷத்துக்குமா?"

"ரெண்டு வருஷத்துக்கும்."

படித்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. முடித்ததும், "இவ்வளவா" என்று ஒரு வார்த்தை. பிறகு கையெழுத்து, கடை ரசீதில் போடுகிற அதே கையெழுத்து, அடியில் ஒரு கோடு இழுத்து.

ஸ்கேல் அதை என் மகளிடம் கொண்டு ஓடினாள். அவர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு கேட்டார்.

"மாடி போகுதாமே. ஞாயித்துக்கிழமை எங்க போவீங்க?"

"ரோட்டுல மேசை போடுவேன்."

"வெயில்ல பேப்பர் சுருண்டுடும்." போர்டைப் பார்ப்பது போலத் தன் கடையைப் பார்த்தார். "என் குடோன்ல... பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு."

ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முன்னால் ஒரு வரிசை பெட்டி அடுக்கி, பின்னால் காலியாக இருப்பதை மறைத்து வைத்திருக்கிற மனுஷன்.

"வாடகை எவ்வளவு?"

"இப்பப் பேச மாட்டேன். இப்பப் பேசினா கம்மியாக் கேட்டுடுவேன். பொண்ணுக்குப் பதில் வரட்டும், அப்புறம் நிமிந்து உக்காந்து பேசறேன். அதுவரைக்கும் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

விலை பேசாமல் நான் முடித்த வியாபாரம் இது ஒன்றுதான்.

பிப்ரவரி 28, சனி

ஸ்கேலின் படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது. டீச்சர் டீ குடித்தார்.

மார்ச் 8, ஞாயிறு

புது இடம். பிள்ளைகள் நுழைகிற வாசலுக்கு மேலே "மாணவர்களுக்குச் சலுகை விலை" போர்டு அப்படியே தொங்குகிறது. கழற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். எதற்கு? சரியாகத்தானே எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

பெயிண்ட்கடையில் கலர் கலக்குகிற ஆள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் படிக்கிற பள்ளி வேறு. அவள் போட வேண்டிய கல்லூரிக்கு இன்னும் தேதி இருக்கிறதாம். முதலாளி தன் கடைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலர் கலக்குகிறவர் குனியவில்லை, வணக்கம் சொல்லிவிட்டே வந்தார்.

பார்க்கட்டும். எத்தனை பேர் என்று பார்ப்போம் என்றவர்தானே.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஸ்கேலுக்குப் பதில் வந்தது. கல்லூரிக் கட்டணம் முழுவதும் கொடுக்கிறார்கள். விடுதிக்கு ஒன்றுமில்லை. அப்பாவும் பெண்ணும் என் கடையில் நிற்கிறார்கள், சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல். விடுதி இல்லாமல் அங்கே படிக்க முடியாது.

"இதுக்கு மேல கேட்டா தப்பா நினைப்பாங்க" என்றார் வெள்ளைச்சட்டை.

"உங்ககிட்ட முதல் விலை சொன்னா அப்படியே வாங்கிட்டுப் போற வாடிக்கைக்காரனை மதிப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

திரும்பக் கேட்க முறை உண்டு என்று டீச்சர் சொன்னார். என்ன எழுத வேண்டும், எதை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்கேல் எழுதினாள். கெஞ்சாமல் எழுது என்று மட்டும் நான் சொன்னேன். கெஞ்சவில்லை.

மே 14, வியாழன்

விடுதியும். முழுதாக.

தையல்காரர் மகனுக்குக் கேட்டதில் முக்கால்வாசி. இரண்டு பேருக்கு இல்லை என்று வந்தது, திரும்பக் கேட்டிருக்கிறோம்.

மே 31, ஞாயிறு

வெள்ளைச்சட்டை வாடகை பேச வந்தார். சட்டை முன்னும் பின்னும் இஸ்திரி. முதல் வார்த்தையே பத்தாயிரம்.

"அந்த ஓட்டை ஃபேனுக்கா?"

"ஃபேன் மாத்தித் தரேன். இடம் கடைத்தெரு நடுவுல இருக்குங்க."

"நாலு."

"நாலுன்னா உங்க பெயிண்ட்கடைக்காரர் மாடியிலயே போய் இருங்க."

வெகுநாள் கழித்து ஒரு நல்ல பேரம். டீ இரண்டு முறை வந்தது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, சண்டையில்லை என்று தெரிந்ததும் போய்விட்டார். நடுவில் நான், பிள்ளைகள் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தால் கடை வியாபாரத்துக்கு இடைஞ்சல் இருக்காதே, அதற்குக் கொஞ்சம் குறைக்கலாமே என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

"சந்து வழியா யாரும் வர வேணாம். என் பொண்ணு முன்வாசல் வழியாத்தான் போனா" என்றார். அந்த ஒன்றில் மட்டும் பேரத்துக்கு இடம் தரவில்லை.

முடிந்தது: குடோன் பின்பக்கம் முழுவதும். மாதம் ஆறாயிரம், இரண்டு மாத முன்பணம், பதினொரு மாதம். புது ஃபேன் அவர் செலவு, டீ என் செலவு. ஞாயிறு சங்கத் தண்டம் வந்தால் ஆளுக்குப் பாதி. அட்டை விலையில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. போர்டு அங்கேயே இருக்கும். பிள்ளைகள் முன்வாசல் வழியாக வந்து, முன்வாசல் வழியாகவே போவார்கள்.